தோற்ற வருஷத்தை எழுதுவது எப்படி

வென்ற வருஷத்தை எழுதுவது லேசு. கிண்ணம் அதிபரின் அறைக் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும், குழுப்படம் மண்டபச் சுவரில் தொங்கும், நூற்றாண்டு மலரைப் புரட்டினால் இறுதியாட்டத்தில் யார் கோல் அடித்தார், யார் அந்தப் பந்தை எடுத்துக் கொடுத்தார் என்பது வரைக்கும் அச்சில் இருக்கும். தோற்ற வருஷத்துக்கு இதில் ஒன்றும் கிடையாது. சுவரில் 1966 இருக்கும், 1968 இருக்கும், நடுவில் ஆணி அடித்த ஓட்டை ஒன்று இருக்கும்.

எங்கள் பெரியப்பா 1967இல் தன்னுடைய கல்லூரியின் முதலாம் அணிக்குக் கோல் காப்பாளர். (வெளியிலிருந்து வாசிப்பவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான், பட்டப்படிப்புக்குப் போகிற இடம் இல்லை.) அந்த வருஷம் எட்டு ஆட்டம், ஏழு தோல்வி, ஒன்று சமன். இந்தக் கணக்கை ஐம்பது வருஷத்துக்கு மேலாக அவர் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. "புட்போல் விளையாடினனான்" என்பதோடு கதை முடிந்துவிடும். பிறகு ஒரு செத்தவீட்டுப் பந்தலில், கொழும்பிலிருந்து வந்திருந்த அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையோடு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, "உவர் ஒரு மட்சிலை ஏழு கோல் விட்டவர், தெரியுமோ?" என்றார். பெரியப்பா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்குத் தொடங்கிய அலைச்சல் ஒன்றரை வருஷம் எடுத்தது. அதில் பாதிக் காலம் பிழையான இடத்தில் தேடியதில் போனது. நீங்களும் அப்பாவுடையதோ மாமாவுடையதோ ஒரு தோற்ற வருஷத்தைத் தேடி எழுத நினைத்தால், அந்தப் பாதிக் காலமாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அது பெரியப்பாவின் நிபந்தனை.

முதலில் ஒரு தாள்

ஒரு வருஷம், ஒரு அணி. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். "அறுபதுகளில் எங்கள் உதைபந்தாட்டம்" என்று தொடங்கினால் வென்ற வருஷங்கள் வந்து முழுப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும், நீங்கள் தேடிய வருஷம் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். பெரிய தாள் ஒன்றில் கோடு போட்டுக் கட்டங்கள் கீறுங்கள்: திகதி, எதிரணி, எந்த மைதானம், கோல் கணக்கு, யார் அடித்தது, இதை யார் சொன்னது. கடைசிக் கட்டத்தை மறக்கக் கூடாது. நான் மறந்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு "4–0" என்று என் கையெழுத்திலேயே இருந்த ஒரு குறிப்பு, மலரில் பார்த்ததா, பெரியப்பா சொன்னதா, நானாகக் கற்பனை பண்ணியதா என்று எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். அழிக்க வேண்டி வரும்.

பள்ளியின் மூன்று தவணைகளில் எதில் உதைபந்தாட்டம் நடந்தது என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டு வைத்துக்கொண்டால் பத்திரிகை தேடுகிற வேலை மூன்றில் ஒன்றாகக் குறையும்.

தோற்றவன் மலரும் வென்றவன் மலரும்

எல்லாரும் செய்வது போல நானும் முதலில் எங்கள் பக்கத்துக் கல்லூரி மலரைத்தான் தேடிப் போனேன். ஆண்டு மலர், பரிசளிப்பு விழாவில் அதிபர் வாசித்த அறிக்கை, இல்லங்களின் அறிக்கை எல்லாம் பார்த்தேன். பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அதை வாசிக்க ஒரு பழக்கம் வேண்டும். தோற்ற வருஷத்து விளையாட்டு அறிக்கைக்கு என்று ஒரு தனிப் பாஷை இருக்கிறது. "வெற்றி வாய்ப்பு மயிரிழையில் நழுவியது" என்றால் ஒரு கோலால் தோற்றிருக்கிறார்கள். "எமது வீரர்கள் இறுதிவரை போராடினர்" என்றால் மூன்று கோலுக்குக் குறையாது. "இவ்வாண்டு எமது அணி பெரும்பாலும் இளம் வீரர்களைக் கொண்டிருந்தது, இவ்வனுபவம் வருங்காலத்தில் கைகொடுக்கும்" என்று எழுதியிருந்தால் மேற்கொண்டு கேட்காதீர்கள். 1967 அறிக்கையில் உதைபந்தாட்டத்துக்கு நாலு வரி. அதில் ஒரு வரி மைதானத்துக்குப் புதுக் கோல் கம்பம் தந்த பெற்றோருக்கு நன்றி. கோல் கணக்கு ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒவ்வொரு தோல்விக்கும் மறுபக்கத்தில் ஒரு வெற்றி இருக்கிறது, வென்றவன் அதை எழுதாமல் விடுவானா? எட்டு எதிரணிகளின் மலர்களையும் தேடத் தொடங்கினேன். ஏழு கோல் விழுந்த அந்த ஆட்டத்துக்கு அவர்களுடைய மலரில் முக்கால் பக்கம்: முதல் கோல் எப்படி வந்தது, இடைவேளைக்குள் எத்தனை, யார் மூன்று அடித்தார், காற்று எந்தப் பக்கம் அடித்தது, எல்லாம். எங்கள் கோல் காப்பாளர் "பல கடினமான பந்துகளைத் தடுத்தார்" என்று ஒரு வரியும் இருந்தது. தன் கல்லூரி மலரில் இல்லாத பாராட்டு எதிரியின் மலரில் இருந்ததைக் காட்டியபோது பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார். அதற்குப் பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

ஆகவே ஒழுங்கை மாற்றுங்கள்: எதிரணிகளின் மலர்களை முதலில் பாருங்கள், சொந்த மலரைக் கடைசியில் பாருங்கள். சம்பத்திரிசியார், இளவாலை ஹென்றியரசர், தெல்லிப்பழை மகாஜனா போல உதைபந்துக்குப் பேர்போன பள்ளிகளோடு உங்கள் அணி ஆடியிருந்தால் அந்தப் பள்ளிகளின் மலர்களில் தொடங்கலாம். அங்கே உதைபந்தாட்ட அறிக்கையை ஓரத்தில் தள்ளிவிட மாட்டார்கள். யாழ்ப்பாணக் கல்லூரியின் மிஸலேனி மாதிரி வெகுகாலமாக வந்த சஞ்சிகைகளும் நல்ல கிணறு. மலர் எந்த மொழியில் இருக்கும் என்பதையும் எதிர்பார்த்துப் போங்கள். ஐம்பதுகளுக்கு முந்தியதில் விளையாட்டு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், பிறகு மெல்ல மெல்லத் தமிழுக்கு வரும், சில மலர்களில் இரண்டிலும் இருக்கும், இரண்டிலும் கணக்கு ஒன்றாக இருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இணையத்தில் ‘நூலகம்’ என்ற தளத்தில் தொடங்கலாம். 2005இலிருந்து ஈழத்து அச்சுக்களை எண்ணிமப்படுத்தி வைக்கிறார்கள், பாடசாலை மலர்களும் பழைய பத்திரிகைகளும் நிறைய உண்டு. தேடுபெட்டியில் "உதைபந்தாட்டம்" என்று போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று மூடிவிடாதீர்கள். பல மலர்களின் பக்கங்கள் படமாகத்தான் இருக்கின்றன. கல்லூரியின் பெயரையும் வருஷத்தையும் வைத்து மலரைப் பிடித்து, திறந்து, விளையாட்டுத்துறை அறிக்கை வரும் வரை ஒவ்வொரு பக்கமாகப் போக வேண்டும். அடுத்த வருஷ மலரையும் பாருங்கள். மலர் அச்சுக்குப் போன பிறகு நடந்த ஆட்டங்கள் அடுத்ததில்தான் வரும்.

பத்திரிகை

யாழ்ப்பாணத்திலிருந்தே வந்த ஈழநாடு 1959இல் தொடங்கியது, அதனால் அறுபதுகளின் பள்ளி ஆட்டங்களுக்கு அதுதான் கிட்டிய சாட்சி. அதற்கு முந்திய காலமென்றால் இந்து சாதனம், உதயதாரகை, கத்தோலிக்கப் பாதுகாவலன் போன்ற சமயப் பத்திரிகைகளைப் பார்க்கலாம், தங்கள் தங்கள் பள்ளிச் செய்திகளை அவை போடும். கொழும்பிலிருந்து வந்த வீரகேசரி, தினகரன் இரண்டிலும் வடக்குச் செய்திகளுக்குள் இரண்டு வரி ஒளிந்திருக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் இவற்றின் பழைய கட்டுகளைத் தேடுகிறவருக்கு ஏன் கிடைப்பதில்லை என்று சொல்லத் தேவையில்லை. 1981 ஜூன் முதலாம் திகதி விடியுமுன் பொது நூலகம் எரிந்தபோது 97,000 புத்தகங்கள் போயின என்று சொல்லும்போது எல்லாரும் ஓலைச்சுவடிகளைத்தான் நினைக்கிறோம், அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது, அதோடு யாருக்கும் பெரிதாகத் தோன்றாத பள்ளிக்கூட ஆட்டக் கணக்குகளும் போயின. ஆகவே யாழ்தேவி ரயில் ஏறிக் கொழும்புக்குப் போக வேண்டும். கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பத்திரிகைகள் இருக்கின்றன. என்னென்ன திகதி வேண்டும் என்று ஒரு பட்டியலோடு போங்கள். சும்மா போய் ஒரு வருஷத்தைப் புரட்டுவோம் என்றால் முதல் நாளிலேயே விலைவாசிச் செய்தியும் சினிமா விளம்பரமும் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். எனக்கு அப்படித்தான் ஒரு நாள் போனது, அதற்காகப் பெரிதாக வருத்தமும் இல்லை.

இன்னொரு பொறி இருக்கிறது, இதில் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். பள்ளி ஆட்டம் என்றால் சனிக்கிழமை என்று நினைத்து, திங்கட்கிழமைப் பத்திரிகைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. பிறகு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, அந்தக் காலத்திலை சனி ஞாயிறு லீவு இல்லையே." உண்மைதான். 1966இலிருந்து 1971 வரை இலங்கையில் ஞாயிறு வார விடுமுறை கிடையாது. போயா நாளும் (பௌத்தர்கள் நிலவை வைத்துக் கொண்டாடும் நாள்) அதற்கு முதல் நாளும்தான் விடுமுறை. நிலவைப் பார்த்து வருகிற விடுமுறையானபடியால் ஒரு கிழமை செவ்வாயில் வரும், அடுத்தது புதனுக்குத் தள்ளும். அந்த ஐந்தாறு வருஷத்துக்குள் உங்கள் அணி ஆடியிருந்தால், அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் ஒன்றைத் தேடி எடுத்து அமாவாசை, அட்டமி, பௌர்ணமி நாட்களைத் தாளில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு அடுத்த இரண்டு நாள் பத்திரிகைகளைப் பாருங்கள். இதைச் செய்த பிறகு ஒரே நாளில் மூன்று ஆட்டம் அகப்பட்டது.

படமும் கல்வெட்டும்

தோற்ற அணி படம் எடுக்கவில்லை என்று நினைக்காதீர்கள். எடுத்திருப்பார்கள், மண்டபத்தில் மாட்டியிருக்க மாட்டார்கள். வீடுகளில் இருக்கும். வீடு என்றால் இப்போது எந்த வீடு என்பதுதான் கேள்வி. போரால் 1990க்குப் பிறகு வலிகாமம் வடக்கை விட்டு எழும்பியவர்களும், 1995 ஒக்டோபரில் செம்மணியாலும் நாவற்குழியாலும் நடந்தவர்களும் குழுப்படத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். அதற்கு முதலே கனடாவுக்கோ லண்டனுக்கோ போனவர்களின் பெட்டிக்குள்தான் தப்பியிருக்கும். எங்களுக்கு அந்தப் படம் ரொறன்ரோவிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது.

படம் கிடைத்தால் முதலில் பந்தைப் பாருங்கள். நடுவில் இருக்கிற தலைவரின் மடியிலோ காலடியிலோ பந்து இருக்கும், அதில் வெள்ளை மையால் வருஷம் எழுதியிருப்பார்கள். அந்த வருஷத்தை நம்பலாம், பின்பக்கத்தில் பிறகு யாரோ பேனையால் எழுதிய வருஷத்தை நம்பாதீர்கள். கீழே பெயர்கள் இருந்தால் "இருப்பவர்கள்", "நிற்பவர்கள்" என்ற ஒழுங்கோடு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், "சமுகமளிக்காதவர்" என்று ஒருவர் இருந்தால் அவருக்குக் கீழே கோடு போடுங்கள், அவரிடம் ஏதாவது கதை இருக்கும். பிறகு கால்களைப் பாருங்கள். எங்கள் படத்தில் பதின்மூன்று பேரில் ஐந்து பேருக்குத்தான் பூட்ஸ். மற்றவர்கள் வெறுங்கால், அதை மறைக்க ஒருவரும் முயலவில்லை, நேராக நீட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

பெயர்கள் பெரிய தலையிடி. முதலெழுத்து தகப்பனுடையது, பெயர் பாதி, ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், தமிழில் இன்னொன்று. பத்திரிகையில் "பாலா" என்று வருகிறவர் பாலசிங்கமா, பாலசுப்பிரமணியமா, பாலச்சந்திரனா? பட்டப்பெயரைக் கேளுங்கள். எந்த ஊர் என்று கேளுங்கள். ஊரும் பட்டப்பெயரும் சேர்ந்தால் ஆள் அகப்பட்டுவிடுவார்.

காலமானவர்களுக்கு வேறொரு வழி உண்டு. நம்மூரில் முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலர், கல்வெட்டு என்று சொல்கிறோமே, அதை ஒருவரும் ஆராய்ச்சிக்கு எடுப்பதில்லை. தேவாரத்துக்கும் வம்சாவளிப் பட்டியலுக்கும் நடுவில் "கல்லூரிக் காலத்தில் உதைபந்தாட்ட அணியில் திறம்பட விளையாடியவர்" என்று ஒரு வரி இருக்கும், கூடவே ஒரு படமும் இருக்கலாம். எங்கள் சென்ரர் ஹாஃபை அப்படித்தான் கண்டுபிடித்தேன். திறம்பட என்ற சொல்லைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கிழவர்களோடு கதைப்பது

இதுதான் முக்கியம், இதில்தான் எல்லாரும் கெடுத்துக்கொள்கிறோம். நேரே போய் இருந்து, போனை மேசையில் வைத்து, "ஏன் தோத்தனீங்கள்?" என்று கேட்டால், "றெஃப்றி சரியில்லை" என்று ஒரு பதில் வரும், பிறகு கதை அரசியலுக்குப் போய்விடும்.

சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள். ஆட்டத்துக்கு எப்படிப் போனீர்கள்? (காங்கேசன்துறைப் பாதை ரயிலா, இ.போ.ச. பஸ்ஸா, யாரோ பெற்றோரின் லொறியா? இதற்கு வருகிற பதிலிலேயே எந்த மைதானம் என்பது தெரிந்துவிடும்.) இடைவேளைக்கு என்ன தந்தவர்கள்? ஜேர்சியை யார் தோய்த்தது? பந்துக்குக் காற்று யார் அடிக்கிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு ஐயா பத்து நிமிஷம் கதைத்தார். தோல் பந்து, உள்ளுக்கு பிளாடர், வாயை நாடா போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும், அந்த முடிச்சு வெளியில் தள்ளிக்கொண்டிருக்கும், தலையால் இடிக்கிறவன் முடிச்சு எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் இடிக்க வேண்டும், மாரி மழையில் நனைந்தால் பந்து கல்லுக்குண்டாகிவிடும், வெறுங்காலால் அதை அடித்த அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு நொண்டிக்கொண்டுதான் போக வேண்டும். இதைச் சொல்லிக்கொண்டு வந்தவர், நான் கேட்காமலே, "அண்டைக்கு மழை, அதாலைதான் எங்கடை பின்வரிசை சறுக்கினது" என்று நாலாவது ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

படத்தையோ எதிரணி மலரின் பக்கத்தையோ கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். சின்ன எழுத்தைப் பெரிதாக்கி அச்சடித்துக்கொண்டு போங்கள், போனில் விரித்துக் காட்டுவதெல்லாம் எழுபத்தைந்து வயதுக் கண்ணுக்குச் சரிவராது. முடிந்தால் இரண்டு பேரை ஒன்றாக இருத்துங்கள். தனியே இருந்தால் பெருமை, இரண்டு பேர் இருந்தால் சண்டை, சண்டையில்தான் உண்மை வரும். ஆனால் முதலில் தனித்தனியே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு பிறகு சேருங்கள், இல்லாவிட்டால் குரல் பெரியவரின் கதையே எல்லாருடைய கதையுமாகிவிடும். ரொறன்ரோவில் இருப்பவர்களை எடுக்கும்போது கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை வித்தியாசம். இங்கே பின்னேரம் ஏழு மணிக்கு எடுத்தால் அங்கே காலைச் சாப்பாடு முடிந்து ஆறுதலாக இருப்பார்கள்.

ஞாபகம் எந்தப் பக்கம் சாயும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். எங்கள் அணியின் அந்த ஒரே சமன் ஆட்டம் 1–1 என்று இரண்டு கல்லூரி மலரிலும் இருக்கிறது. அதில் ஆடிய மூன்று பேரிடம் தனித்தனியே கேட்டேன். மூன்று பேரும் "அந்த மட்ச் நாங்கள் வெண்டது" என்றார்கள். பொய் சொல்லவில்லை. கடைசி நேரத்தில் கோல் போட்டுச் சமன் செய்துவிட்டு, பெடியள் தலைவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், பார்த்தவர்களும் வெற்றி போலத்தான் கத்தியிருக்கிறார்கள். தூக்கியது மட்டும் நினைவில் நின்றுவிட்டது. இப்படி ஒன்று அகப்பட்டால் திருத்தப் போகாதீர்கள். தாளில் 1–1 என்று எழுதுங்கள், தோளில் தூக்கியதையும் எழுதுங்கள்.

பெரியப்பாவிடம் ஏழாவது கோலைக் கேட்டது ஒரு பின்னேரம். கேள்விக்குப் பதில் சொல்லாமல் கதிரையிலிருந்து எழும்பி முற்றத்துக்கு இறங்கினார். கிணற்றுக்கட்டுக்கும் செவ்விளநீர்த் தென்னைக்கும் நடுவில் போய் நின்று, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்தார். "அவன் உந்தப் படலைப் பக்கத்தாலை வாறான். எங்கடை லெஃப்ற் பாக் விழுந்திட்டான். நான் வெளியிலை வரோணுமோ நிக்கோணுமோ?" என்னைக் கேட்டார். நான் பேசாமல் நின்றேன். "வந்தன்" என்று ஒரு அடி முன்னால் வைத்து, வலக்கையை நிலத்தை நோக்கிக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி அந்தக் கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். சின்னி விரல் கோணல். அந்த விரல் ஏன் கோணல் என்று சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் கதவுக்குள் அகப்பட்டது என்று சொல்லியிருந்தார்.

அந்தக் காலத்து விதியால் அளப்பது

இன்றைய கண்ணால் பட்டியல் போட்டால் பிழைக்கும். அப்போது வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1. மூன்று புள்ளி முறை இங்கிலாந்திலேயே 1981இல்தான் வந்தது, உலகக் கிண்ணத்துக்கு 1994இல். சமபுள்ளி எடுத்த அணிகளைப் பிரிக்கக் கோல் வித்தியாசம் பார்த்தார்களா, அடித்ததை விட்டதால் வகுத்துச் சராசரி பார்த்தார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வழக்கம் வகுப்பதுதான், பலமாகத் தோற்ற அணியைக் கீழே தள்ளுவதில் இரண்டும் வேறு வேறு மாதிரி வேலை செய்யும். மாற்று வீரர் விஷயமும் அப்படியே. உலகக் கிண்ணத்திலேயே மாற்று வீரர் இறங்கியது 1970இல்தான், மஞ்சள் சிவப்பு அட்டையும் அதே 1970இல். முதல் பத்து நிமிஷத்தில் ஒருவருக்குக் கால் பிசகினால் மிச்ச நேரம் பத்துப் பேர், அல்லது அவரை ஓரத்தில் நொண்ட விட்டுப் பெயருக்குப் பதினொரு பேர். ஒரு பெரிய தோல்விக் கணக்கைக் கண்டால் யாராவது காயப்பட்டார்களா என்று முதலில் கேளுங்கள். எங்கள் ஏழில் இரண்டு ஆட்டங்களுக்கு அதுதான் கதை. இன்னொன்று, சகவீரர் காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கோல் காப்பாளர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல்தான் வந்தது. பழைய ஆட்டத்தில் பின்வரிசை திரும்பத் திரும்பக் கோலிக்கே பந்தைக் கொடுத்ததென்று வாசித்தால் அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று எழுதிவிடாதீர்கள்.

காரணம் தேடும்போது முந்திய வருஷப் படத்தையும் இந்த வருஷப் படத்தையும் பக்கத்தில் வைத்து எத்தனை முகம் குறைந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பள்ளி அணியின் தலைவிதி பெரும்பாலும் அந்த எண்தான். 1966 அணியில் இருந்த எட்டுப் பேர் சோதனை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். போதாக்குறைக்கு அணியைப் பார்த்துக்கொண்ட மாஸ்ரருக்கு வருஷத் தொடக்கத்திலேயே மன்னாருக்கு மாற்றல் வந்திருக்கிறது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசு பொறுப்பேற்ற பள்ளிகளில் ஆசிரியர் மாற்றல் இலாகாவின் கைக்குப் போனது, முகாமையாளரிடம் போய்ச் சொல்லி நிறுத்துகிற காலம் முடிந்துவிட்டது. எழுபதுகளின் அணி என்றால் வேறு கேள்விகள்: 1970க்கும் 1977க்கும் நடுவில் இறக்குமதிக் கட்டுப்பாடு, நல்ல பந்துக்கும் பூட்ஸுக்கும் எங்கே போனார்கள்? தரப்படுத்தல் (பல்கலைக்கழக அனுமதிக்குப் புள்ளிகளைச் சரிக்கட்டும் முறை) வந்த பிறகு எத்தனை தகப்பன்மார் பின்னேரத்தில் மைதானத்துக்கு விடாமல் ரியூசனுக்கு அனுப்பினார்கள்? கேட்டுப் பாருங்கள்.

எழுதி முடிப்பது

ஆட்டம் ஆட்டமாக, நடந்த ஒழுங்கிலேயே எழுதுங்கள். காரணத்தை முதல் பந்தியில் சொல்லிவிட்டால் மிச்சமெல்லாம் சாட்டு மாதிரித் தெரியும். தன் பக்கக் கோலுக்குள் பந்தைத் தட்டிவிட்டவர், பெனால்ரியை வானத்துக்கு அடித்தவர், இப்படியானவர்கள் உயிரோடு இருந்தால் பெயரைப் போட முதல் ஒரு தரம் கேளுங்கள். நான் கேட்டவர், "போடு மோனை, இனி எனக்கு என்ன?" என்றார். அடுத்த நாள் காலையே அவருடைய மகள் போன் எடுத்துப் போட வேண்டாம் என்றார். போடவில்லை. முடிந்ததும் பத்துப் பிரதியாவது அடித்து, இரண்டை இரண்டு பக்கக் கல்லூரி நூலகத்துக்கும் கொடுங்கள், ஒன்றை நூலகம் தளத்துக்கு அனுப்புங்கள்.

கணக்குகள் ஒன்றோடொன்று முட்டினால் எதைப் போடுவது? ஏழு கோல் ஆட்டத்துக்கு எனக்கு இரண்டு கணக்கு. எதிரணி மலரில் 7–0, அடித்தவர்களின் பெயர்களோடு. ஒரு பத்திரிகையில் 6–0. செத்தவீட்டில் சொன்னவரும் ஏழு என்கிறார். கோல் அடித்தவர்களின் பெயரோடு வருகிற கணக்கு வெறும் எண்ணைவிடப் பலமானது என்பதால் பட்டியலில் 7–0 என்று போட்டு, கீழே சின்ன எழுத்தில் பத்திரிகை சொன்னதையும் போட்டேன். எழுதியதை அச்சுக்குக் கொடுக்க முதல் பெரியப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தார். பூட்ஸ் ஐந்து பேருக்கு இல்லை, ஆறு பேருக்கு என்றார், படத்தில் ஒருவரின் கால் மறைந்திருக்கிறதாம், திருத்தினேன். கோல் கணக்கைப் பற்றி, "கடைசி ஓஃப்சைட், லைன்மன் கொடி தூக்கினவன், றெஃப்றி பாக்கேல்லை" என்றார். அதையும் அவர் சொன்னதாகவே கீழே சேர்த்தேன், 7ஐ மாற்றவில்லை. சரி என்று தலையாட்டினார். அவருடைய பிரதி இப்போது சாமியறை அலுமாரியில் இருக்கிறது, போன கிழமை எடுத்துப் பார்த்தேன், அந்த 7ஐ நீல மையால் வெட்டி மேலே 6 என்று எழுதி வைத்திருக்கிறார்.